வெறுமனே ஓடிய மெஷின்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டி வலியைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய், அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகவே பதில் சொல். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் அட்டைப்பெட்டிக் கம்பெனி மூடுகிற நிலைக்கு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக நம்மிடம் வாங்கிய பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் சொந்தமாகவே பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், நான்கு மாதமாக ஆர்டர் இல்லை. உன்னிடம் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று சொன்னதெல்லாம் பொய். மெஷின் நின்ற சில நாளிலேயே பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, சத்தமே காணோம், கடையைக் கட்டியாச்சா?” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து காலை பத்து மணிக்கு அட்டை போடாமலே மெஷினை ஓடவிடச் சொன்னேன். வேலையாட்கள் ஒன்பது பேரும் வெறும் மெஷினைச் சுற்றி நிற்பார்கள், நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பழைய ஆர்டர் ஃபைலைப் புரட்டுவேன். தெருவுக்கே கேட்கும்படி இந்தக் கூத்தை மூன்று மாதம் நடத்தினேன்.

போன செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். வீட்டிலேயே சோப்பு செய்து கூரியரில் அனுப்பி விற்கிற ஒரு பெண் மூன்று முறை கேட் வரைக்கும் வந்தாளாம். சத்தத்தைக் கேட்டுவிட்டு, “உள்ளே இவ்வளவு வேலை ஓடுது, என் நாற்பது பெட்டியை எங்கே செஞ்சு தரப்போறாங்க” என்று திரும்பிப் போய்விட்டாளாம். உடனே மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போன முகவரிச் சீட்டோடு ஓடினேன். சின்ன வாடகை வீடு, முன்னறை முழுக்க சோப்பு, உட்கார இடமில்லை. கம்பெனி பேரைச் சொன்னதுமே புரிந்துகொண்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பே போன் செய்தாளாம், “ஐயாயிரம் பெட்டிக்குக் குறைஞ்சா நாங்க மெஷினையே தொடறதில்லைம்மா” என்று நான் போனை வைத்துவிட்டேனாம். வைத்திருப்பேன். அப்படி எத்தனை பேரிடம் வைத்தேனோ. அவள் கோபப்படவே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

மூன்று அளவில் ஒவ்வொரு மாதிரிப் பெட்டி அடுத்த மாத நடுவில் வேண்டுமாம். பிடித்துப்போனால் அவளும், அவளைப் போல வீட்டிலிருந்தே விற்கிற பதினெட்டுப் பேரும் நம்மிடமே வாங்குவார்களாம். “வெட்டறதுக்கு முன்னாடி பெட்டியைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு அனுப்பிடுங்க” என்றாள், நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன். ஃபோர்மேனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுவும் கைநழுவினால் பூட்டுவதைத் தவிர வழியில்லை. ஒன்பது பேரும் காலையில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன முறை வந்தபோது சின்ன ஆர்டரும் எடும்மா, வரைய நான் கற்றுத் தருகிறேன் என்று நீ சொன்னாய். “கம்பெனி நடத்துறது நானா, நீயா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அதற்குப் பிறகு நீ தொழிலைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், வீம்பு என்னுடையதுதான். கடிதம் கிடைத்ததும் வீடியோவில் கூப்பிட்டு ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடு. நான் மெதுவாகத்தான் பிடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்.

நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்குச் சுடுதண்ணீரை விடாதே. கூப்பிட மறந்துவிடாதே. நான் தப்பாக வரைந்தால் திட்டு, ஒன்பது பேர் முன்னால் வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா