மடவளை வரை மிதித்து வந்தேன், தாத்தா

என் அன்பான தாத்தாவுக்கு,

இதை வேறு யாராவது வாசித்தால், வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக ஒரு கிழவரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட எனக்கு இப்போது மனமில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர், அம்மாவைப் பெற்றவர். உங்கள் மடவளையில் தாத்தா என்றால் அக்கா. நீங்கள் என்னைவிட நாலே வயது மூத்த என் பரீதா தாத்தா.

முதல் நாள் கிளினிக்கில் உங்கள் தம்பி வாசலில் நின்று "தாத்தா, ஆட்டோ வந்தீக்கி" என்று கூப்பிட்டபோது நான் என்ன செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? பாவம், வயசானவர் நிற்கிறார் போல என்று என் கதிரையை விட்டு எழும்பி, கிழவரைத் தேடினேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

"நான்தான் தங்கச்சி அந்தத் தாத்தா. எழும்பினது எழும்பிட்டீங்க, கதிரைய தாங்க."

ஆட்டோக்காரரைக் காக்க வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தீர்கள். என் கையைப் பிடித்துப் பார்த்தீர்கள். உங்கள் கையைப் பக்கத்தில் வைத்தீர்கள். நம் இரண்டு பேரின் விரல்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அன்றைக்கே நான் உங்களைத் தாத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

மூட்டுவாதம் என்று சொன்னால் சனங்கள் "அது வயசானா வாறதுதானே" என்பார்கள். எனக்கு வந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. போத்தல் மூடி திறக்க ஆள் வேண்டும், சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். காலையில் எழும்பிக் காலை ஊன்றினால் தரையெல்லாம் சரளைக்கல் பரப்பி வைத்தது போல இருக்கும். கண்டி பஸ்ஸில் ஏறுவதென்றால் அந்த மிதிபலகை எனக்கு ஒரு மலை. ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் கொண்டக்டர் "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்துவார். மாதா கோயிலுக்கும் கடைக்கும் போவதை நான் ஒவ்வொன்றாக விட்டேன். யாரும் என்னை அடைத்து வைக்கவில்லை, நானேதான் வீட்டுக்குள் சுருங்கிப் போனேன்.

பிறகுதான் பிசியோ அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சுவரைப் பார்த்தபடி இரண்டு ஓடாத சைக்கிள்கள். ஒன்றில் நீங்கள், மற்றதில் நான். ஏறி மிதித்த கொஞ்ச நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் அல்ல. பாதம் வலிக்கவில்லை! உடம்பின் பாரத்தை ஆசனம் வாங்கிக்கொண்டது, கால் பாட்டுக்குச் சுற்றியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு என் கால் என் பேச்சைக் கேட்டது.

"எங்க போறோம் தாத்தா, செவருதானே இருக்கு?" என்று கேட்டேன்.

"செவர எனத்துக்குப் பாக்குறீங்க? எங்கட ஊட்டுக்குப் போறோம். இப்ப கெட்டம்பேயில திரும்பியாச்சி. இடது பக்கம் ஆறு ஈக்கி, பாருங்க."

அப்படித் தொடங்கியதுதான் அந்த விளையாட்டு. ஒவ்வொரு கிளினிக் நாளும் நீங்கள் வழி சொல்ல, நான் மிதிப்பேன். ஆற்றோரமாகவே கட்டுகஸ்தோட்டை. பாலத்தைத் தாண்டி வலது பக்கம். ஒரு பேக்கரி, அங்கே பாண் வாசம் வரும், ஆனால் நிற்கக் கூடாது. பிறகு பள்ளிவாசல். பிறகு ஜம்பு மரம் நிற்கிற பச்சைக் கேட். "வந்தாச்சி, இறங்குங்க, தேத்தண்ணி குடிப்போம்" என்று நீங்கள் சொல்லவும், பிசியோ மிஸ் வந்து நேரம் முடிந்தது என்பார். ஒரு நாளாவது அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க விட்டாரா அவர்?

நிஜச் சைக்கிளில் நான் ஏறியதற்கும் நீங்கள்தான் காரணம். என் நாத்தனார் மகள் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் எங்கள் கெலிஓயா வீட்டின் பின்பக்கம் சும்மாதான் கிடந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டியிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். விட்டீர்களா? "நடக்கத்தானே ஏலா, மிதிக்க ஏலும்தானே? எனக்கி இடுப்பும் போச்சி. நான் செவருக்குள்ள போறேன், நீங்க றோட்டுல போங்க" என்றீர்கள்.

சைக்கிள் கடைக்காரர் பிடியில் பழைய டியூபைத் தடிப்பாகச் சுற்றித் தந்தார். என் விரல் எட்டும்படி பிரேக்கை வளைத்து நெருக்கித் தந்தார். முதல் நாள் பேராதனைப் பக்கமாகக் கொஞ்சத் தூரம்தான் போனேன். தாத்தா, அன்றைக்கு நான் கண்டுபிடித்தது ஒன்று. நடந்தால் நான் நோயாளி. பார்க்கிறவர்கள் வழிவிடுவார்கள், "அச்சோ" என்பார்கள். சைக்கிளில் போனால் நான் சைக்கிளில் போகிற ஒரு பொம்பிளை, அவ்வளவுதான். ஒரு லொறிக்காரன் ஓரமாகப் போகச் சொல்லி ஹோர்ன் அடித்து ஏசினான். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அனுதாபம் இல்லாமல் ஒருவன் என்னை ஏசி எத்தனை காலம்!

அதற்குப் பிறகு மீன் வாங்க நானே போனேன், ஞாயிறு பூசைக்கும் நானே போனேன். காலையில் விரல் மடங்காத நாட்கள் இருந்தன. மருந்துக் குளிசை போட்ட மறுநாள் குமட்டலில் கிடந்த நாட்களும் இருந்தன. நோய் எங்கேயும் போகவில்லை, ஆனால் அதைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சேவியருக்கு நீங்கள் கடைசிவரை ஒரு கிழவர்தான். என் போனில் "தாத்தா" என்று பெயர் வந்தால் "இந்தா, ஒன் கிளினிக் பெரியவரு கூப்பிடுறாரு" என்று கொண்டுவந்து தருவார். உங்களிடம் சொன்னேன். "செல்லிராதீங்க, அப்பிடியே ஈக்கட்டும்" என்று கிழவர் போல இருமிக் காட்டினீர்கள். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலித்தது. அந்தப் பகிடி பிறகு என்னை எப்படிக் குத்தியது என்பதைச் சொல்லத்தான் வருகிறேன்.

மழைக்காலத்தில் நான் விழுந்தது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள். எனக்கு இறக்கம்தான் எமன். ஏற்றத்துக்குக் கால் போதும், இறக்கத்துக்குக் கை வேண்டும். எங்கள் வீட்டுச் சரிவில் வரும்போது பிரேக்கைப் பிடித்தேன், விரல் அமுங்கவில்லை. தேயிலைக் கடை மதிலில் போய் முட்டினேன். முழங்கை கிழிந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சேவியர் சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்.

"கைகாலு சொகமில்லாதவளுக்கு எதுக்கு இந்த வெளையாட்டு? எங்க போகணும்னு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

கெட்ட மனுசன் இல்லை அவர். பயந்த மனுசன். ஆனாலும் நான் மறுபடி வீட்டுக்குள் சுருங்கினேன். உங்களிடம் போனில் அழுதபோது "பூட்டின சைக்கிளும் எங்கட ஓடாத சைக்கிளும் ஒண்டுதான் தங்கச்சி. பேசி எடுங்க. கோவப்பட வாணாம். சைக்கிள்லயே எங்கட ஊட்டுக்கு வாறேன்டு சென்னீங்களே, நான் பாத்துட்டு ஈக்கிறேன்" என்றீர்கள். இருமிக்கொண்டே சொன்னீர்கள். நான் அதையும் கிழவர் பகிடி என்றுதான் நினைத்தேன். நெஞ்சில் சளி கட்டியிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த கிளினிக்கில் உங்கள் கதிரை காலியாக இருந்தது. உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். பின்னால் இருந்த ஒரு உம்மா எழும்பி, "அந்தப் புள்ள மவுத்தாகிட்டு" என்றார். அடக்கமும் எப்போதோ முடிந்திருந்தது.

உங்கள் காலிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தாதி ஓடிவந்து "ஏன், யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். "தாத்தா" என்றேன். அவர்கள் பாஷையில் தாத்தா என்றால் அப்பா. "அனே!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பறிகொடுத்த மகளைத் தேற்றுவதுபோலத் தேற்றினார். நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் அந்த அளவு ஆறுதல் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து "தாத்தா போயிட்டாங்க" என்று அழுதேன். சேவியர் சோற்றைப் பிசைந்தபடி, "வயசான காலந்தானே, படுக்கையில கெடக்காமப் போனாரே, நல்ல சாவு" என்றார். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். தாதி என்னைக் கட்டிப்பிடித்தது ஒரு சொல்லால், இவர்கள் என் கண்ணீரைத் துடைத்துப் போட்டதும் அதே சொல்லால். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொல்லாமலே உங்கள் நாற்பதாம் நாள் கத்தமும் கழிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நான் சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "அந்தப் பெரியவருக்காக இன்னுமா அழுவுற?" என்றார் சேவியர்.

"நாப்பத்தாறு வயசு ஒங்களுக்குப் பெரியவரா?" என்று கத்திவிட்டேன். "தாத்தான்னா அவங்க பாஷையில அக்கா. செத்தது என் அக்கா."

சேவியரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் அவருடைய அம்மா கொழுந்து பறிக்கப் போனபோதெல்லாம் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவருடைய அக்காதான். இன்றைக்கும் அந்த அக்காவுக்குச் சளி பிடித்தால் இவருக்குச் சோறு இறங்காது. "அக்காவா?" என்றார். கதிரையில் உட்கார்ந்தார். "நான் நல்ல சாவுன்னு சொன்னேனே, ஸ்டெல்லா. சோத்தத் தின்னுக்கிட்டே சொன்னேனே."

மறுநாள் காலை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் சங்கிலிச் சாவி இருந்தது.

"அக்கா வீட்டுக்கு ஆட்டோவுல போகலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சைக்கிளில் வருகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. புதுப் பிரேக் கம்பி மாட்டி, "ஒன் விரலால அமுக்கிக் காட்டு" என்று திரும்பத் திரும்பச் சோதித்தார். "கட்டுகஸ்தோட்டை பாலத்துக்கிட்ட நிப்பேன். அதுக்கப்புறம் நீயே போ."

வந்தேன் தாத்தா. கெட்டம்பேயில் திரும்பினேன், இடது பக்கம் ஆறு இருந்தது. மரத்தடிகளில் நின்று நின்று விரலை நீவி நீவி வந்தேன். பாலத்தடியில் சேவியர் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. குடித்துவிட்டு வலது பக்கம் திரும்பினேன். பேக்கரி இருந்தது, பாண் வாசம் வந்தது, நான் நிற்கவில்லை. ஒருநாளும் வராத ஊரில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆனால் அந்த இறக்கம்? பேக்கரிக்குப் பிறகு அப்படி ஒரு இறக்கம் இருப்பதாக ஏன் சொல்லவில்லை? ஓடாத சைக்கிளில் ஏற்றம் ஏது, இறக்கம் ஏது என்று விட்டுவிட்டீர்களா? சொன்னால் நான் வரமாட்டேன் என்று மறைத்தீர்களா? உச்சியில் நின்று உங்களை நன்றாக ஏசினேன். பிறகு இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடியும் வலித்தது. அடியில் வந்ததும் மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

ஜம்பு மரம். பச்சைக் கேட். அது திறந்திருந்தது. உங்கள் உம்மா வாசலுக்கு வந்து, "மகள், நீங்க யாரு?" என்று கேட்டார்.

பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "தாத்தாட தங்கச்சி" என்று வந்துவிட்டது.

உம்மா என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "தேத்தண்ணி ஊத்துங்க, சைக்கிள்ல வாற தங்கச்சி வந்தீக்கிறா" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் வாசற்படியைப் பார்த்தேன். மூன்று படிகளுக்கு மேல் ஒரு அகலப் பலகை சரிவாகக் கிடந்தது.

"ஒங்களுக்குத்தான் பரீதா போடச் சென்னா," என்றார் உம்மா. "சைக்கிளத் தூக்க அவக்கு ஏலாது, கை ஏலாதவ என்டு சென்னா. மவுத்தாகியும் அத எடுக்க மனசு வரல்ல."

சைக்கிளைப் பலகையில் உருட்டி ஏற்றினேன். நான் தூக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு செய்தி. பிசியோ அறையில் உங்கள் சைக்கிளில் இப்போது உண்மையாகவே ஒரு வயசானவர் மிதிக்கிறார். கம்பளைக்காரர், நல்ல மனுசர். எங்கள் முறைக்கு அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை, ஐயா என்கிறேன். "எங்கம்மா போறீங்க இவ்வளவு வேகமா?" என்று கேட்டார். மடவளைக்கு என்றேன். தானும் வருகிறேன் என்றார். வழி சொல்லிக் கொடுக்கிறேன், இறக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

விரல் பிரேக்கைப் பிடிக்கிற வரைக்கும் நான் மடவளைக்கு வருவேன். பிடிக்காத நாள் வந்தால் ஓடாத சைக்கிளில் வருவேன், வழிதான் தெரியுமே. அந்தச் சொல்லை மட்டும் இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன். உம்மாவிடம் பலகையை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் உங்கள்,
சைக்கிளில் வருகிற தங்கச்சி,
ஸ்டெல்லா
கெலிஓயா