நம்பர் கொடுத்த பெட்டி

தாராவி,
செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள வானமாமலைக்கு, கண்ணனின் அம்மா ஆறுமுகத்தாய் எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். தோகாவில் வெயில் தணிந்ததா? நம் பக்கத்து வீட்டு நூர் நிஷா வெள்ளிக்கிழமை அங்கே மகன் வீட்டுக்கு வருகிறாள். அவளிடம் இட்லிப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், அதனால் பெரிதாக எழுதுகிறேன். நானும் அஞ்சாவது வரைதான். மெதுவாகப் படி. இது போனில் சொல்ல வராத விஷயம்.

முதலில் நல்ல சேதி. நேற்று சங்க அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆறு கம்ப்யூட்டரும் ஓடுகிறது, பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். திங்கட்கிழமைக்குள் தொடங்காவிட்டால் அறையைத் தையல் வேலைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னாரே சங்கச் செயலாளர் ஆறுமுகநயினார், அவரே வந்து பார்த்தார். "பரவால்லியே, கண்ணன் அம்மையும் இன்ஜினியர் ஆயிட்டாளே" என்று கிண்டல் வேறு. வாசலில் கண்ணன் பெயர் போட்ட பலகை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் உன்னைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். அங்கே இருந்துகொண்டே இங்கே லேப்டாப்புக்குள் நுழைந்து, அதிலிருந்து வயர் வழியாக ஆறு கம்ப்யூட்டருக்கும் புது சிஸ்டம் ஏற்றப் பார்த்தாய். ஒன்றிலும் ஏறவில்லை. நீ எனக்கு விளங்கும்படி சொன்னாய். "அத்த, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எந்திரிச்ச ஒடனே எனக்கு நம்பர் குடுன்னு கேக்கும். நம்ம லேப்டாப் குடுக்கணும். நம்ம சால் வரிசைல வீட்டுக் கோலி நம்பர் தப்பா இருந்தா தபால் வருமா? அதே கததான்." நீ கொடுக்கிற நம்பர் பத்தில் தொடங்கும் என்றாய். நான் திரையைப் பார்த்து வாசித்ததோ நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"வேற எவனோ முந்திக்கிட்டு நம்பர் குடுக்கான் அத்த. அந்த ரூம்ல வேற பெட்டி ஏதும் ஓடுதா?" என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

பாவம், கேபிள்காரர் பூதத்தானை வரவழைத்து எல்லா வயரையும் மாற்ற வைத்தோம். நீ போனில் அவரை ஏசினாய். "என் வயர்ல கோளாறுன்னா மீசைய எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

பெட்டி இருக்கிறது, வானமாமலை. மேலே பரணில் இருக்கிறது. உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் கண்ணனும் லேமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் பழசாக வாங்கி, மழையில் நனையாமல் என் சேலையைச் சுற்றி, மாஹிம் வரை லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அதுதான். அன்றைக்குச் சுவரில் ஓட்டை போடுகிறேன் என்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாயை உடைத்தீர்கள். நான் போய்ச் சண்டையைத் தீர்த்துவிட்டு வந்தால், பரணில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஆளுக்கு ஏழு தோசை தின்றீர்கள். "இதுதான்மா எல்லாத்துக்கும் நம்பர் குடுக்கும். கெழட்டு மெஷின், அணைச்சா மறுபடி எந்திரிக்குமோ என்னமோ. நீ கை வச்சிராத" என்றான் கண்ணன். நீ தோகா போன பிறகு அதைப் பங்கார் கடையில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக உன்னிடம் சொன்னான். போடவில்லை. அவனுக்கு மனசு வரவில்லை.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் இல்லாத இந்த ஏழு மாசமாக நானும் அணைக்கவில்லை. மத்தியானம் அறையைப் பெருக்க வரும்போது ஏணியில் ஏறிக் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருக்கும். அவ்வளவுதான். பெட்டியின் மேல் அந்த நூற்றுத் தொண்ணூற்றிரண்டை அவன் கையால் பேனாவில் எழுதியிருக்கிறான். அதனால் திரையில் வாசிக்கும்போதே யார் முந்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ, "முடியல அத்த, ரூம விட்டுருவோம்" என்றாய். ஐந்து நிமிஷம் கழித்துப் பேசு என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். கறுப்பு வயர் கரண்டுக்கு. நீல வயர் கீழே வருகிறது. நீலத்தை மட்டும் உருவினேன். பெட்டி சத்தம் நிற்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். நிற்கவில்லை. இறங்கி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் பத்து வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஆறுக்கும் வந்தது. என்ன செஞ்சீங்க என்று கேட்டாய். வயரை அழுத்திச் சொருகினேன் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். மன்னித்துக்கொள். பூதத்தானுக்கும் ஒரு வார்த்தை போன் பண்ணு.

டிசம்பர் லீவில் வந்து அறையில் இருக்கிற பழசை எல்லாம் கழித்துவிடலாம் என்றாய். கழி, நானும் கூட நிற்கிறேன். பரணில் இருப்பதை மட்டும் விட்டுவிடு. அது இனி யாரையும் முந்தாது. அதற்கு நம்பர்கூட வேண்டாம், கரண்ட் மட்டும் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. காய்ச்சல் என்று வந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லாதே. யாரிடமும் மறைக்காதே, அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அத்தை ஆறுமுகத்தாய்.