எலுமிச்சையின் தட்டில் உப்பில்லை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். காலைச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நேரில் கேட்கத் துணிவின்றி எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

எந்தக் கன்று உப்பைத் தாங்கும் என்று பார்க்க, மாடியிலுள்ள மூன்று தொட்டிகளுக்கும் தோட்டத்துக் கிணற்றின் உப்புநீரையே மூன்று மாதமாக ஊற்றி வருகிறேன். சப்போட்டா, மாதுளை இரண்டின் அடித்தட்டிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. எலுமிச்சையின் தட்டில் துளியும் இல்லை. நாவில் வைத்தும் பார்த்தேன். அது வாடுவதைக் காணப் பொறுக்காமல் தாங்கள் குடிநீரை ஊற்றி உப்பைக் கழுவி விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எலுமிச்சை வாடாமல் பச்சையாக நிற்பதைக் காட்டித்தான் நேற்றுத் தங்கள் மகன், "எலுமிச்சை தாங்கும்னு செடியே சொல்லுது. நீ என்னத்தப் படிச்சுக் கிழிச்ச?" என்றார். இப்போது தோட்டத்தில் குழி வெட்டுகிறார். பதினொரு மணிக்கு நானூறு எலுமிச்சைக் கன்றுகளோடு வண்டி வந்துவிடும். எலுமிச்சை தாங்காது என்று வாதாடிய நான் சொன்னால், தோற்றவள் சொல்லும் சாக்கு என்பார். தயவுசெய்து அதற்குள் தாங்களே அவரைக் கைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
மருமகள்

பி.கு.: தட்டுகளைப் பார்க்க வேண்டுமானால், மாடிச் சாவி வழக்கம்போல் கதவோரத்து ஆணியில் இருக்கிறது.

இன்னொன்று: தங்கள் இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நானூறு கன்றுக்கும் தங்களால் சொம்பில் தண்ணீர் சுமக்க முடியாது, மாமா.