மூன்றாம் எண் அரவைக்கு 6.9

நாள் 112, மணி 09:20
கரியமில வாயு: 0.4%

காப்பி அரவை ஒப்பீட்டுச் சோதனை, முதல் பதிவு. எழுதுபவர் பிலோமினா, உயிர்காப்புப் பொறியாளர், குன்றிமணி நிலையம், நிலாவின் தென்முனை. இங்கே இருப்பது இரண்டே பேர். இன்னொருத்தி சுலைகா, பாறை ஆய்வாளர், போடிக்காரி. காலையில் காப்பி உள்ளே போகாவிட்டால் மனுஷியாக நடந்துகொள்ள மாட்டாள்.

வருங்காலத்து நிலாக் குடியிருப்புகளுக்கு யாரோ ஒரு கம்பெனி காப்பி அரவை எந்திரம் விற்கப்போகிறதாம். அதற்காக மூன்று எந்திரங்களும் இரண்டு டப்பா வறுத்த கொட்டையும் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றிலும் பிளேடு கிடையாது. பல் வைத்த இரண்டு சக்கரங்கள், நடுவே ஓர் இடைவெளி. கொட்டை அதில் சிக்கி நொறுங்க வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் பொடி, கூட்டினால் ரவை. அவ்வளவுதான் சங்கதி.

ஒன்றாம் எண், கையால் சுற்றுவது, கூம்பு வடிவ எஃகுச் சக்கரம். இரண்டாம் எண், மின்சாரத்தில் ஓடுவது, தட்டையான எஃகுச் சக்கரங்கள். மூன்றாம் எண், மறுபடியும் கை, மறுபடியும் கூம்பு, ஆனால் பீங்கான்.

இதற்கு மதிப்பெண் போட என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இரண்டு உலகத்திலும் கிடையாது. நான் வால்பாறைக்காரி, பிறந்ததிலிருந்து டீ. இங்கே வந்த 112 நாளில் ஒரு தடவைகூட நான் காப்பி போட்டதில்லை, போடப்போவதும் இல்லை. அவள் அரைத்துக் குடிப்பாள், நான் எழுதுவேன் என்று ஒப்பந்தம்.

நாள் 112, மணி 16:45
கரியமில வாயு: 0.4%

முதல் சுற்று முடிந்தது. ஒன்றாம் எண்ணின் அச்சு ஆடுகிறது. அதனால் தூளும் கட்டியுமாகக் கலந்து விழுகிறது. சுலைகாவின் ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கவே இல்லை. அவள் அரை மணி நேரம் அதன் முன்னால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண் பத்துக்கு 4.

இரண்டாம் எண், சலித்தெடுத்த மாதிரி ஒரே சீர். வேகமும் அதிகம். ஆனால் பொடி சுடச்சுட விழுகிறது, அதிலேயே பாதி வாசனை போய்விட்டது என்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மதிப்பெண் 7.

மூன்றாம் எண் நாற்பது கிராமுக்கு 95 சுற்று கேட்கிறது. பீங்கான் சூடாகவில்லை. அச்சு மேலும் கீழும் பிடிக்கப்பட்டிருப்பதால் ஆடவும் இல்லை. சுலைகா 9 போடச் சொன்னாள். ஒப்பந்தத்தை மீறிச் சுற்றியது என் மணிக்கட்டு, 6க்கு மேல் தர மனம் வரவில்லை. சண்டை தீரவில்லை. மூன்றாம் எண்ணின் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நாள் 113, மணி 11:05
கரியமில வாயு: 0.7%

08:40க்கு நிலநடுக்கம். நாற்பது நொடி. சுலைகா ஏணியிலிருந்து விழுந்தாள். இடப்பக்கம் குறைந்தது இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கும். வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறேன். மூச்சு ஆழமாக இழுக்க முடியவில்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரத்தின் பம்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. இங்கே ஒட்டுப்போட முடியாது. நாங்கள் விடுகிற மூச்சு இனி இந்த அறைக்குள்ளேயே சேரும். ஆக்சிஜன் வேண்டிய மட்டும் இருக்கிறது. கரியமில வாயுதான் கொல்லும்.

மாற்று ஏற்பாடாக வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் குருணை மூட்டைகள் உண்டு. பெட்டியில் நிரப்பி, விசிறியின் முன்னால் வைத்தால் போதும். மூட்டைகளின் மேல்தான் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது. நனைந்து, உறைந்து, மேலே மட்டும் காய்ந்து, குருணை எல்லாம் பாறையாக இறுகிக் கிடக்கிறது. மூட்டையை அங்கே வைத்தது நான்.

பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆதிமூலம் பேசினார்: "பிலோமினா, கலம் கெளம்பிட்டு. நாளன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அங்க இருக்கும். அதுவரைக்கும் காத்த நீங்கதான் பாத்துக்கிடணும்."

விண்வெளி உடைகளில் இருக்கும் உறிஞ்சிகள் எட்டு மணி நேரம் தாங்கும். மீதி 38 மணி நேரம். பெட்டி ஒன்றுக்கு மூன்று கிலோ, எட்டு மணி நேரம். ஐந்து பெட்டி குருணை வேண்டும். கைவசம் இருப்பது பாறை.

நாள் 113, மணி 14:30
கரியமில வாயு: 0.7%

சுத்தியலால் உடைத்தேன். பெரிய கட்டியும் மாவும்தான் வருகின்றன. கட்டியின் உள்ளே காற்று புகாது, மாவின் வழியே காற்றே போகாது. கோதுமை ரவை அளவு வேண்டும், சீராக வேண்டும். மேசையில் மூன்று அரவைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டிகளை மூடி வைக்கவும் ஏனம் வேண்டும். திறந்து கிடந்தால் வீணாக வாயுவைக் குடித்துத் தீர்ந்துவிடும். காப்பிக் கொட்டை டப்பா ஒன்றில் மிச்சமிருந்ததை மற்றதில் கொட்டிவிட்டு, உடைக்க உடைக்கக் கட்டிகளை அதில் போட்டேன். அதே மாதிரி இன்னொரு டப்பாவில் கொட்டை நிறைய இருக்கிறது. கட்டி டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். கொட்டை டப்பாவை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார் ஆதிமூலம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு என்று கேட்டேன். டப்பாவை நகர்த்தவில்லை.

இரண்டாம் எண்ணில் ஆரம்பிக்கிறேன். வேகம்தான் இப்போது முக்கியம்.

நாள் 113, மணி 21:15
கரியமில வாயு: 1.8%

நாற்பது நிமிடத்தில் மூன்று கிலோ அரைத்தேன். ஒரே சீர். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். உடைகளின் உறிஞ்சி தீர்ந்ததும் பெட்டியை மாட்டினேன். சுவரில் எரியும் வாயு எண் இறங்கவில்லை. ஏறியது.

ஆதிமூலம்: "சூடா விழுந்துச்சுன்னா உள்ள இருக்க ஈரம் போயிருக்கும். ஈரம் இல்லன்னா அது வெறும் கல்லு. ஒண்ணையும் உறிஞ்சாது."

சுலைகா நேற்றே சொன்னாள், சூட்டில் பாதி போய்விட்டது என்று. வாசனையைச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன்.

அடுத்து ஒன்றாம் எண். பாதிக்குப் பாதி தூள். அப்படியே கொட்டி, நிறையப் பிடிக்கட்டும் என்று கட்டைவிரலால் அமுக்கி நிரப்பினேன். விசிறி முக்கி முனகியது, காற்று மறுபக்கம் வரவில்லை. மேசையைக் குத்தினேன். அந்தச் சத்தத்தில் சுலைகா கண் திறந்தாள். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, வலிக்கு நடுவே சிரித்தாள்.

"அமுக்காதீங்கக்கா. அமுக்குனா டிகாஷன் எறங்காது. என் ஃபில்டர்ல போட்டு தூள சலிச்சுட்டு, தட்டுங்க. அதுவா உக்காரும்."

ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் சலித்தேன். தட்டினேன். காற்று வந்தது. ஆனால் சலித்ததில் பாதி வீணாகிறது. இந்தக் கணக்கில் ஐந்து பெட்டிக்குக் கல் போதாது.

நாள் 114, மணி 09:10
கரியமில வாயு: 2.4%

மூன்றாம் எண்தான் வழி. ஒன்றாம் எண்ணில் பெரிதாக உடைத்து, மூன்றாம் எண்ணில் அரைக்கிறேன். பீங்கான் சூடாகவில்லை, ஈரம் தங்குகிறது. தூள் கொஞ்சம்தான். பெட்டி மாட்டிய ஒரு மணி நேரத்தில் 2.9இலிருந்து 2.4. அந்த இறக்கத்தைப் பார்த்து அழுதேன். இதையும் எழுதத்தான் வேண்டுமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இப்போது வேறு ஒரு கணக்கு உறுத்துகிறது. ஒரு பெட்டிக்கு 75 தடவை அரைக்க வேண்டும், ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று. சும்மா படுத்திருந்தால் விடுகிற மூச்சைப் போல மூன்று பங்கு விடுகிறேன். மின்சார அரவை கரண்டைத் தின்றது. இது என் மூச்சைத் தின்கிறது. அரைத்ததில் ஒரு பகுதி, அரைத்தவளின் மூச்சுக்கே செலவாகிறது.

நாள் 114, மணி 17:40
கரியமில வாயு: 3.9%

தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகுகிறார்கள். வலது உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது, இடது கையால் சுற்றுகிறேன்.

எண் இறங்குவதில்லை இனி. ஏறுவதைத் தாமதப்படுத்த மட்டும்தான் முடிகிறது. மருத்துவப் பெட்டியில் ஒரே ஒரு ஆக்சிஜன் முகமூடி இருந்தது. சுலைகாவுக்குப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உடைந்த விலாவோடு வேகமாக மூச்சு வாங்கினால் அவள் தாங்க மாட்டாள். மூட்டையைக் குழாய்க்கு அடியில் வைத்தது நான், அவள் இல்லை. இவள் செத்துப்போனால் என்னால் அந்தக் கலத்தில் ஏற முடியாது. வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அபாய மணி விடாமல் அடிக்கிறது. அவள் தூங்கட்டும் என்று நிறுத்திவிட்டேன்.

நாள் 115, மணி 05:20
கரியமில வாயு: 5.6%

நான்கு பெட்டி முடிந்தது. கடைசிப் பெட்டி பாதி. கலம் வர இன்னும் மூன்று மணி நாற்பது நிமிடம்.

எழுத்து கோணுகிறது. சுற்றுகளை எண்ணும்போது நாற்பதுக்குப் பிறகு இருபது வருகிறது.

ஆதிமூலம்: "இப்ப உங்களுக்குத் தடுமாத்தம் இருக்கும். உங்களுக்கே அது தெரியாது. ஒவ்வொரு தடவையும் டப்பாவத் தொறந்து என்ன நெறம்னு எங்கிட்ட சொல்லுங்க. வெள்ளன்னா மட்டும் அரைங்க. சரியா?"

சரி என்றேன். வெள்ளை என்றேன். திரும்ப வெள்ளை என்றேன். என்னைக் குழந்தை மாதிரி

டேப் எங்கேயோ உரிந்து விழுந்துவிட்டது. பரவாயில்லை. எது எது என்று தெரியும்.

நாள் 115, மணி 06:05
6.9

நல்ல கல் இது. எளிதாக அரைகிறது. இவ்வளவு நேரம் என்னத்துக்கு அந்தக் கஷ்டம். மொறுமொறு என்று போகிறது. கையே வலிக்கவில்லை.

ஆதிமூலம் நெறம் நெறம் என்று ஒரே நச்சரிப்பு. ரேடியோவை அணைத்தேன். பழுப்புதான். பழுப்பு நல்ல நிறம்தானே.

பெட்டியில் கொட்டினேன். அமுக்கவில்லை. தட்டினேன். சுலைகா சொன்ன மாதிரியே தட்டினேன். விசிறி ஓடுகிறது. வாசனை வருகிறது. அறை முழுக்க. எனக்கு இது பிடிக்காது என்று யார் சொன்னது.

சோதனை முடிந்தது. மூன்றாம் எண் மதிப்பெண் சுவரில் பெரிய எழுத்தில் எரிகிறது. 6.9. வெறுமையாக இருந்த கட்டத்தில் எழுதிவிட்டேன். 9 கேட்டாள் அவள். வேண்டுமானால் கொஞ்ச நேரத்தில் ஏறும். ஏறிக்கொண்டேதான் இருக்கிறது

கொஞ்சம் உட்காருகிறே

நாள் 115, மணி 06:40
கரியமில வாயு: 7.1%

எழுதுவது சுலைகா.

முகமூடி நழுவிக் கிடந்தது. காப்பி வாசனையில் விழிப்பு வந்தது. இந்த நிலையத்தில் என்னைத் தவிர யாரும் காப்பி போட மாட்டார்கள். நான் படுத்திருக்கிறேன். அப்படியானால் இந்த வாசனை வரக்கூடாது. அது புரிய ஒரு நிமிடம் ஆனது.

படுக்கையிலிருந்து விழுந்து, தரையில் தவழ்ந்து போனேன். பிலோமினா அக்கா மேசைக்கு அடியில் கிடக்கிறாள். கை இன்னும் கைப்பிடியில்தான் இருக்கிறது. பெட்டியில் கீழ்ப்பாதி வெள்ளைக் குருணை, மேல்பாதி முழுக்கக் காப்பி. காப்பியை வழித்துத் தரையில் கொட்டினேன். கட்டி டப்பா ஓரமாக இருந்தது, இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் கொஞ்சம் நானே அரைத்துப் போட்டு, தட்டி, மாட்டியிருக்கிறேன்.

முகமூடி இப்போது அக்காவின் முகத்தில். மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. விரல் மட்டும் அசைகிறது, சுற்றுகிற மாதிரி.

ரேடியோவைப் போட்டதும் ஆதிமூலம் அண்ணன் அழுதார். கலம் எட்டரைக்கே வந்துவிடும் என்கிறார். நான் அவரிடம் நிறம் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு பிடியும் போடுகிறேன். வெள்ளை.

ஒரு திருத்தம். மூன்றாம் எண்ணுக்கு எதிரில் அக்கா எழுதியிருக்கும் 6.9 மதிப்பெண் அல்ல. அது காற்று. நான் அடிக்கவில்லை. விழித்ததும் அவளே அடிக்கட்டும். 9 கூட வேண்டாம், அவள் சொன்ன 6 போதும் எனக்கு. விழித்து எழுந்து என்னோடு சண்டை போட்டால் போதும்.

பத்து சுற்றுக்கு ஒரு தடவை விலா குத்துகிறது. நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறேன்.

7.1.

7.1.

7.0.

எழுதினால் சுற்ற முடியாது. பேனாவை வைக்கிறேன்.