பாத்திர மூடியில் ஒட்டிய சீட்டு

பிட்ஸ்பர்க், பிப்ரவரி 9

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் அதுவே இந்தக் கடிதத்தின் முதல் பொய்யாகிவிடும். அலாஸ்காக் குளிரில் நீயாவது நலமாக இருந்தால் போதும்.

உன் தம்பி ரஸ்ஸல் மறுபடியும் சிறையில் இருக்கிறான், காரணம் நான்தான். ஜனவரியில் மூன்று மணி நேரம் பனியை வாரிக் கார் நிறுத்த இடம் பண்ணி, வேறு யாரும் நிறுத்தாமலிருக்க வழக்கம்போல அதில் சமையலறை நாற்காலியைப் போட்டு வைத்தோம், எதிர்வீட்டு ஸ்டான் நாற்காலியைத் தூக்கி வீசிவிட்டுத் தன் வண்டியை நிறுத்தினார், நான்தான் "பாத்துக்கிட்டே நிக்கறியே, போய்க் கேளுடா" என்று இவனை விரட்டினேன். போனவன் கையில் பனி வாரும் மண்வெட்டி. ஸ்டானுக்குக் கன்னத்தில் ஒன்பது தையல். வெறும் கையால் அடித்திருந்தால் இந்த மாநிலச் சட்டப்படி இரண்டு வருடத்துக்கு மேல் இல்லையாம், மண்வெட்டி ஆயுதமாகிவிட்டதால் பெருங்குற்றம், பத்து வருடம் வரை போகலாமாம். நம் வக்கீலம்மா இரண்டு தடவை விளக்கினார், மூன்றாம் தடவை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. சின்னக் குற்றமாகக் குறைக்க அரசு வக்கீல் ஏறக்குறைய இறங்கி வந்திருந்தார். ஜாமீனில் வெளியே விட்டபோது ஒரே கண்டிப்பு, ரஸ்ஸல் நேராகவோ ஆள் மூலமாகவோ ஸ்டானிடம் பேசக் கூடாது.

நம் தெருவில் யாருக்கு அடிபட்டாலும் சாப்பாட்டோடு போய் நிற்பதுதானே பழக்கம். முட்டைக்கோஸ் நூடுல்ஸ் செய்து, மூடியில் நம் குடும்பப் பெயரை எழுதி ஒட்டி, பக்கத்தில் "ரஸ்ஸல் ரொம்ப வருத்தப்படுறான்" என்று ஒரு சீட்டும் ஒட்டிக் கொண்டுபோனேன். ஸ்டானின் மனைவி நன்றி சொல்லித்தான் வாங்கினாள். மறுநாள் பாத்திரம் போலீஸிடம் இருந்தது. ஆள் விட்டுப் பேசினான் என்று ரஸ்ஸலைக் கூட்டிப்போய்விட்டார்கள், குறைக்கிற பேச்சும் நின்றுபோனது.

"சீட்டு உங்க யோசனைதானே?" என்று வக்கீலம்மா கேட்டார், தலையாட்டிவிட்டேன். அது உண்மையில்லை, மார்லா. மூடியை மூடும்போது "நான் வருத்தப்படுறேன்னு ஒரு வரி எழுதும்மா" என்றது அவன்தான். அடித்த நாளிலிருந்து அவன் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை அது, அதற்குத்தான் உள்ளே இருக்கிறான். இருபதாம் தேதி வியாழக்கிழமை நீதிபதி முன்னால் நான் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அவன் வெளியே வரமாட்டான். சின்ன வயதில் பொய் சொன்னதற்கு உன்னை எத்தனை முறை மூலையில் நிற்க வைத்திருக்கிறேன், எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

காரில் போர்வை வைத்துக்கொள். மாதா உன்னைக் காப்பாள். சிறையில் போன் பேச்செல்லாம் பதிவாகிறதாம், அதைக் கேட்டதிலிருந்து எந்தப் போனைப் பார்த்தாலும் எனக்குப் பயம், அதனால் நீண்ட பேச்சு வேண்டாம். பத்தொன்பதாம் தேதி புதன்கிழமைக்குள் கூப்பிட்டு "வேண்டாம்மா" என்று மட்டும் சொல். கூப்பிடாவிட்டால் நான் பொய் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
டோலரஸ்