கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடித்த நேரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அம்மாவின் முழங்காலையும் என் மனசையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் நாங்களும் சுகம்தான். முழங்காலுக்கு டாக்டர் மூன்றாவது தடவையாக மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், மாடிப்படி ஏறாதீர்கள் என்கிறார், நாங்கள் இருப்பதே மூன்றாவது மாடி என்றால் சிரிக்கிறார். குளியலறை மேற்கூரையில் மேல் வீட்டுத் தண்ணீர் இன்னும் ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறோம், அதுவே நிரந்தரமாகிவிட்டது. உன் தம்பி போன் செய்தால் இரண்டு நிமிடம், அதிலும் ஒரு நிமிடம் அம்மாவிடம் சார்ஜ் போச்சு சார்ஜ் போச்சு என்கிறான். நீயாவது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாய், அதுவே பெரிது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். குட்டி பள்ளிக்கூடத்தில் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுகிறாள், டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது, டீச்சர் வேகமாகச் சாப்பிடப் பழக்குங்கள் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார், நீங்கதான் ரிட்டயர் ஆனதுலேர்ந்து நாலு வருஷமா ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்துல புள்ளைங்களப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, ஏதாவது வழி சொல்லுங்கப்பா என்றாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு இதில் பாதிதான் தெரியும், மீதியை நீ போனில் உளறிக் கொட்டிவிடாதே.

எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்னே எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மணி அடித்தால் இருநூறு பிள்ளைகளும் முதலில் சாப்பாடு, சாப்பிட்டு முடித்தவர்களுக்கு விளையாட்டு, மொத்தம் நாற்பது நிமிடம். கூடத்துக்குப் பெரிய பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மைதானம். எந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கும் சொல்? கண் பந்தில், கை தட்டில், கால் வாசலில். நாலு வாய் தின்றுவிட்டு மீதியைத் தொட்டியில் தட்டிவிட்டு ஓடும். தினமும் மூன்று பெரிய வாளி நிறைய மிச்சம் போகும். சாயங்காலம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மேஜையில் தலையைச் சாய்த்துக் கிடக்கும், டீச்சர்கள் சோம்பேறிகள் என்று திட்டுவார்கள். பசி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான்தான் தலைமையாசிரியையிடம் போய், முதலில் விளையாட விட்டுவிட்டு அப்புறம் சாப்பிடச் சொல்லிப் பார்க்கலாமே அம்மா என்று சொன்னேன். அந்த அம்மா நல்ல மனுஷி. மேல் அலுவலகத்துக்கு எழுதி இரண்டு வாரம் நடத்திப் பார்க்க அனுமதி வாங்கினார். நேரத்தைக் குறித்து வைக்கத் தாள் அனுப்பினார்கள். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவன் இருக்கும்போது வேறு யாரிடம் போகும் அந்தத் தாள், என்னிடம்தான் வந்தது.

அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது, அதனால்தான் எரிகிறது. பதினைந்து நிமிடம் ஆட்டம், வியர்க்க வியர்க்க வந்து கை கழுவி உட்கார்ந்தால் பிள்ளைகள் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லையே. மூன்று வாளி அரை வாளியானது. சமையல்கார அம்மா காலி வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, இப்பதாங்க நான் சமைக்கிறதுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு என்றார். ஆனால் ஒரு பதினாலு பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் ஆறு ஏழு வயசு, முன்பல் விழுந்து முளைக்காதவர்கள், ரொட்டியைக் கடைவாயில் வைத்துத்தான் பிய்க்க வேண்டும், ஆப்பிளைச் சமையல்கார அம்மா சீவிச் சீவிக் கொடுத்தாலும் நேரம் ஆகும். அதில் ஒருத்திக்கு நான் அரவை மில் என்று பேர் வைத்திருந்தேன். ஒரு வாய் போட்டால் அரைத்துக்கொண்டே இருப்பாள், அரைத்துக்கொண்டே சிரிப்பாள், மேலே இரண்டு கீழே ஒன்று பல் கிடையாது. மற்றவர்கள் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு இவர்களைச் சுற்றி நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று கை தட்டுவார்கள். இதுகள் கூனிக் குறுகி மென்றதை விழுங்க முடியாமல் விழிக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களை மட்டும் தட்டோடு சமையலறைப் பின்னாலிருந்த சாமான் அறைக்குக் கூட்டிப்போய் மூட்டைகள் மேல் உட்கார வைத்தேன். அங்கே ஆற அமரச் சாப்பிட்டார்கள், கதை பேசினார்கள், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தினமும் அதையே செய்தேன்.

இப்போது தாளுக்கு வருகிறேன். அதில் ஒரு கட்டம், கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடித்த நேரம் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா, கூடம் காலியான நேரத்தை அதில் எழுதினேன். பதினைந்து நிமிடம். பத்து நாளும் பதினைந்து, பதினைந்து, பதினைந்து. சாமான் அறையில் இருந்ததுகளை எழுதவில்லை. பொய் எழுத வேண்டும் என்று உட்காரவில்லையம்மா, உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். டிப்போவில் தாமதம் என்ற கட்டம் காலியாக இருந்தால்தான் மேலதிகாரி முகம் மலரும், அதில் ஒரு கோடு விழுந்தால் விளக்கம் எழுதியே விரல் தேயும். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போய்விட்டது. தாள் சுத்தமாக இருந்தால் இந்த ஏற்பாடு நிலைக்கும், பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் பதினைந்து பிள்ளைகளைச் சாமான் அறையில் மறைத்தேன்.

கடைசி நாள் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். காலி வாளியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வாரம் நான் நடந்த நடையைப் பார்த்து அம்மா, என்ன, மாப்பிள்ளை மாதிரி போறீங்க என்று கிண்டல் செய்தாள். இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு, அது நிரந்தரம் என்று முதல் வரி. இரண்டாவது வரியில், எல்லாப் பிள்ளைகளும் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பதாகக் குறிப்பேட்டில் தெரிவதால் சாப்பாட்டு நேரம் இருபத்தைந்திலிருந்து பதினைந்தாகிறது, மிஞ்சும் பத்து நிமிடம் கணக்குப் பயிற்சிக்கு. மூன்றாவது வரியில், பாதுகாப்பை முன்னிட்டுச் சமையலறைப் பகுதிக்குள் மாணவர்கள் நுழையக் கூடாது, சாமான் அறைக்குப் பூட்டுப் போட வேண்டும். யாரும் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை, எல்லாப் பள்ளிக்கும் போகிற வழக்கமான வரி அது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அடுத்த நாளிலிருந்து பதினைந்தாவது நிமிடம் மணி அடிக்க வேண்டியது நான், அரவை மில் வாயில் வைத்ததை மெல்லும்போதே தட்டை வாங்கித் தொட்டியில் தட்ட வேண்டியதும் நான்.

மூன்று வாரம் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டுத் தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அப்புறம், ஐயா, இப்பப் போய் அந்தத் தாள் தப்புன்னு எழுதினா பதினஞ்சு நிமிஷத்த மட்டும் மாத்த மாட்டாங்க, மொத்தத்தையும் மாத்திடுவாங்க, மத்த புள்ளைங்களையாவது விட்டு வைங்க என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நூற்றெண்பது பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள், பதினைந்து பேர்தானே. அந்தத் தானே என்ற சொல்லை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், தினமும் மத்தியானம் அந்த முகங்களைப் பார்த்தால் அந்தச் சொல் நிலைக்காது. அவருக்குத் தெரியாமல் நானே அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், தண்டனை எனக்கு இருக்கட்டும், நேரத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சி எழுதினேன்.

பதில் ஒரு பக்கம்கூட இல்லை. குறிப்பேடு நம்பத்தகுந்ததாக இல்லாததால் சோதனை ஏற்பாடு ரத்து, பழையபடி முதலில் சாப்பாடு, பிறகு விளையாட்டு. கால அட்டவணை இந்த ஆண்டுக்கு முடிவாகிவிட்டபடியால் சாப்பாட்டு நேரம் பதினைந்து நிமிடமாகவே நீடிக்கும். இரண்டு முறை படித்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தேன். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. இப்போது நாலு வாளி மிச்சம் போகிறது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தால் கையிலிருக்கிற காகிதத்தைப் பார்க்கிறார். சமையல்கார அம்மா மட்டும் மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டார், உண்மைய சொல்றதுக்கும் ஒரு நேரம் இருக்குங்க, நீங்க அந்தத் தாள்ல எழுதும்போதே சொல்லியிருக்கணும் என்று. டிப்போவில் ஒரு நாள்கூட நான் லேட்டாகப் போனதில்லை, இதில் போய்விட்டேன்.

இதற்குள் பிள்ளைகளுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது, அவர்களுக்கே உரிய விதத்தில் போயிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அரவை மில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, தாத்தா, நான் மெதுவா சாப்பிட்டதாலதான எல்லாருக்கும் முதல்ல விளையாட்டு போச்சு என்று கேட்டாள். இல்லடா கண்ணு, தாத்தா ஒரு தாள்ல தப்பா எழுதிட்டேன், அதனாலதான், உம்மேல ஒண்ணுமில்ல என்றேன். பெரியவர்கள் சமாதானம் சொல்லும்போது பிள்ளைகள் தலையாட்டுமே, அப்படித் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து கூடத்தில் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். இரண்டு வாய் சாப்பிடுகிறாள், நேராகத் தொட்டிக்குப் போகிறாள், தட்டைத் தட்டிவிட்டுத் திரும்பி நின்று, பாத்தீங்களா தாத்தா என்று அந்தப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறாள். முன்னால் கை தட்டிய பிள்ளைகள் இப்போது அவளைத் தட்டிக் கொடுக்கிறார்கள். நான் அவளை உட்கார வைத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒருநாள் அதட்டியும் பார்த்தேன், பசிக்கல தாத்தா என்கிறாள். மத்தியானம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேஜையில் தலை சாய்த்துக் கிடக்கிறாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பெண் தையல் ஆலையில் வேலை செய்கிறவள், இருட்டுவதற்குள் வீடு வருவதே பெரும்பாடு. டீச்சரே இப்ப நல்லா முன்னேறிட்டான்னு சொன்னாங்களேங்க என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தாள்.

நொறுங்கத் தின்றால் நூறு வயசு என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவன் நான், உன் பிள்ளை வேகமாகத் தின்ன என்னிடம் வழி கேட்கிறாய். என்னிடம் வழி இல்லையம்மா. முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு, அதற்குப் போதுமான நேரம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். முடிந்தால் ஒருநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நீயே போய் அவள் சாப்பிடுகிற இடத்தின் வாசலில் நின்று பார். எவன் எழுதிய குறிப்பேட்டையும் நம்பாதே, எழுதியவன் உன் அப்பாவாக இருந்தாலும் நம்பாதே. பழத்தைச் சிறிதாக நறுக்கி வை, டப்பா மூடி அவள் விரலுக்குத் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள், பாதிப் பேருக்கு நேரம் மூடியிலேயே போகிறது. வேகமாகச் சாப்பிடு என்று மட்டும் அவள் காதில் போடாதே, பள்ளிக்கூடம் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, அவர் விளையாட்டாகக்கூட ஆமை என்று கூப்பிட வேண்டாம்.

உங்கள் மூவருக்கும் நோய்நொடி அண்டாத உடம்பும், பசிக்கும்போது உட்கார்ந்து சாப்பிட நேரமும் எப்போதும் அமையட்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். குட்டிக்கு எங்கள் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது டப்பா திடீரென்று சுத்தமாகக் காலியாகத் திரும்பி வந்தால் சந்தோஷப்பட்டு எங்களுக்குப் போன் செய்யாதே, முதலில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்.

உன் அப்பா