சாவுக்கு அடித்த ஐவரி

அப்பா,

இன்று காலை பக்கத்து வீட்டில் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கினார்கள். டர்பன்டைன் வாடை எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பாலை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் நிற்கவில்லை. பழைய துணியைக் கிழித்து இடுக்கில் அடைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் மருமகன் வந்து பார்த்துவிட்டு, பெயிண்ட் வாடைதானே, சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார். அவருக்குப் போய்விடும். எனக்கு அது, நீங்கள் எப்போது சாவீர்கள் என்று ஒரு வீடு காத்துக்கிடந்த வாடை.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, பிறகு திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த காலம் அது. சேர்க்கிறதும் பிரிக்கிறதுமே பிழைப்பாகப் போய்விட்டது என்று இருமலுக்கு நடுவே திட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேல் எதைப் பற்றியும் பேச உங்களுக்கு மூச்சு இல்லை. இத்தனை வருஷம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய உடம்பு, இத்தனை வருஷம் பீடி குடித்த நெஞ்சு. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். எச்சில் கிண்ணம் அள்ளுவது அண்ணிக்கு ஆகாது என்பதால் எனக்குப் போன் வந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தேன்.

நான் வந்தபோது வீட்டுக் கூடத்தில், உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே, சுவரில் இரண்டு சதுரங்களாகப் பெயிண்ட் பூசிப் பார்த்திருந்தார்கள். ஒன்று ஐவரி, பாலாடை போல லேசாக மஞ்சள் ஓடியது. இன்னொன்று சாம்பல் கலந்த வெள்ளை. நீங்கள் லாரி ஓட்டிச் சம்பாதித்து, நீலம் கலந்த சுண்ணாம்பைப் பொங்கலுக்குப் பொங்கல் நீங்களே அடித்து வைத்திருந்த சுவர் அது. என்ன இது என்று கேட்டேன். அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற மனுஷன், எதையும் காரண காரியத்தோடுதான் சொல்வார்.

"சாவுக்கு தாசில்தாரு வருவாரு, ஆபீஸ் முழுக்க வரும். இந்தச் சுண்ணாம்புச் சுவத்தையா காட்டச் சொல்ற? அப்பா போறதுக்குள்ள அடிச்சு முடிச்சுடணும்."

உங்கள் காதில் விழக்கூடாது என்றுதான் கொல்லைக்கு அழைத்துப் போனார். அந்த மரியாதையும் அன்றோடு சரி. அடுத்த நாளிலிருந்து எல்லாம் உங்கள் தலைமாட்டிலேயே நடந்தது.

எது என்று முடிவாகவில்லை. அண்ணனுக்கு ஐவரி பிடித்திருந்தது, அவருடைய மேலதிகாரி வீட்டில் அதுதானாம். அண்ணிக்குச் சாம்பல் வெள்ளை. காலையில் வெயில் விழும்போது ஒரு தடவை, டியூப் லைட் போட்டதும் ஒரு தடவை, இருவரும் உங்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். நடுவில் நீங்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடப்பீர்கள். பெயிண்டர் ஒருவர்தான் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாங்க, அடிச்சுட்டா வித்தியாசமே தெரியாதுங்க என்று. யாரும் அதைக் கேட்கவில்லை.

அண்ணி அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா அப்பா? நான் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் சதுரங்களைப் பார்த்தபடி, ரொம்ப இயல்பாக, புடவைக்கு ஜாக்கெட் பார்ப்பது போலச் சொன்னாள்.

"மாமாவ இந்தச் சுவத்தோரம்தான வைப்போம். மாலையெல்லாம் மஞ்சச் சாமந்தியா வரும். ஐவரியில மஞ்சள் எடுக்காதுங்க. சாம்பல்தான் போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

கஞ்சிக் கரண்டி உங்கள் உதட்டில் இருந்தது. விழுங்கினீர்கள். கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, மனுசன் கண்ணு முழிச்சிக்கிட்டு இருக்கும்போதா இதப் பேசுவீங்க என்று நான் கத்தினேன். நீங்கள் கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள். எனக்காகப் பரிந்து பேசப் போகிறீர்கள் என்று நினைத்த கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் சிரிப்பு வருகிறது.

"நீ வாய மூடு. ஒன் வூடா இது?" என்றீர்கள். பிறகு அண்ணனைப் பார்த்தீர்கள். "ஐவரியே அடி. நான் கருப்பு. அதுலதான் எடுப்பா தெரிவேன்."

அண்ணன் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள், சிரிப்பு இருமலானது. என்னைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அவரைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் இருவரும் ஒரு கட்சி. சாவிலும் கட்சி மாறவில்லை.

பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கதவு ஜன்னலுக்கு எனாமல் பூசவேண்டும். அந்த வாடையில் உங்களால் மூச்சு விட முடியாது, கட்டிலும் இடைஞ்சல். அதனால் உங்களைக் கொல்லைக் கொட்டாய்க்கு மாற்றினார்கள். கீற்றை எடுத்துவிட்டுச் சிமெண்ட் ஷீட் போட்டு, விறகும் பழைய டயர்களும் அடுக்கிவைத்திருந்த அதே கொட்டாய். ஒரு வாரம்தான் என்றார் அண்ணன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பட்டி காயவில்லை. பெயிண்டர் வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போவார். அண்ணன் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் சுவரைத் தொடுவார், பிறகு கொட்டாய் வாசலில் வந்து நின்று உங்களைப் பார்ப்பார். ஒரு சாயங்காலம் என்னிடம், இன்னும் கொஞ்ச நாள் தாங்கிருவாருல்ல என்று கேட்டார். பெற்றவர் பிழைக்க வேண்டும் என்று கேட்கிற குரல்தான். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. கூடம் ஈரமாகக் கிடக்கும்போது நீங்கள் போய்விட்டால் என்ன செய்வது என்ற தவிப்பு அது.

நீங்கள் தாங்கினீர்கள். அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. கொட்டாயில் காற்று நன்றாக வந்ததாலோ, மழையில் தூசி அடங்கியதாலோ, உங்கள் இழுப்பு தணிந்தது. கார்த்திகை பிறந்தபோது எழுந்து உட்கார்ந்தீர்கள். கருவாட்டுக் குழம்பு கேட்டீர்கள். உள்ளே ஐவரி இரண்டாம் கோட்டும் அடித்து முடிந்து, கூடம் கல்யாண மண்டபம் போலப் பளபளத்தது. சாவதற்குத்தான் நீங்கள் தயாராக இல்லை.

கட்டிலை உள்ளே போடலாமா என்று கேட்டேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அது டிஸ்டெம்பர், அழுக்குப் பட்டால் துடைக்க முடியாது, தலை எண்ணெய் பட்டால் கறை, எச்சில் தெறித்தால் கறை என்று அண்ணி சொன்னாள். வெளியே அவருக்கு நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும் என்றார் அண்ணன். உங்கள் சாவுக்காக அழகாக்கிய சுவர், உயிரோடு இருக்கிற உங்களைத் தாங்காது என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் நீங்களே கேட்டீர்கள், பார்க்கவாவது வேண்டும் என்று. நான் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அண்ணி உள்ளிருந்து, காலில் சேறு இருக்கு மாமா என்றாள். நீங்கள் படி தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றீர்கள், வீட்டில் இல்லாத அண்ணனிடம். லாரிக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து வந்தால் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பீர்களே, அதே முகம்.

தை மாதத்தில் மறுபடி இழுப்பு வந்தது. மத்தியான நேரம். நான் உங்கள் முதுகை நீவிக்கொண்டிருந்தேன். ஒங்க வூடுதானப்பா, உள்ள வந்து படுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றேன். இருமி முடித்தீர்கள். பிறகு, கூரையைப் பார்த்தபடி, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலப் பேசினீர்கள்.

"ஒங்கம்மாவ நானுந்தான் இங்க போட்டேன்."

பெரம்பலூர் மாவட்டமான வருஷம். அம்மாவுக்கு டி.பி. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் அவளைக் கொட்டாய்க்கு மாற்றினீர்கள். அப்போது அது கீற்றுக் கொட்டாய். தட்டையும் தம்ளரையும் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. அவள் அங்கேயே செத்தாள். இத்தனை வருஷத்தில் நீங்கள் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"ஆனா அவ ஒரு நாளும் உள்ள வரேன்னு கேக்கல. கேக்கலல்ல?" என்றீர்கள்.

கேட்ட தோரணை எனக்குத் தெரியும். எனக்கு இது பொறுக்கும், அவளுக்கும் பொறுத்துத்தானே இருந்தது என்று ஒரு ஆள் கணக்குத் தீர்க்கிற தோரணை. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். சாகப்போகிறவருக்கு எந்த மகளும் அதைச் செய்திருப்பாள்.

"கேட்டாங்கப்பா," என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. அடுக்கியிருந்த டயர்கள் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டீர்கள், போர்வை கேட்டீர்கள். வேறெதுவும் பேசவில்லை. சில நாட்களில், நான் அடுப்படியில் இருந்தபோது, போய்விட்டீர்கள்.

அப்புறம் உங்களை உள்ளே கொண்டு போனார்கள். அண்ணி சொன்னபடி அந்தச் சுவரோரம்தான். மஞ்சள் சாமந்தி மாலைகள் வந்தன. நீங்கள் சொன்னது சரிதான், ஐவரியில் நீங்கள் எடுப்பாகத்தான் இருந்தீர்கள். தாசில்தார் வந்தார், மாலையை வைத்துவிட்டு, செல்போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். சுவர்ப்பக்கம் அவர் திரும்பவே இல்லை. தெருப் பெண்கள்தான் பார்த்தார்கள். அதில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், செத்தாலும் இப்படி ஒரு வூட்ல கெடக்கணும்டி, ஒங்கப்பாவுக்குக் குடுப்பன என்றாள். நான் சரி என்றேன். சாவு வீட்டில் அண்ணியால் ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரிந்து, எண்ணெய்த் தலையைச் சுவரில் அழுத்தி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தேன், உங்களைத் தூக்கும்வரை.

அண்ணன் அப்புறம் அந்தக் கூடத்துக்கு வேறு ஏதோ கலர் அடித்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. உங்களுக்கு என்மேல் இருந்த அன்புக்கு நான் கடைசியாகக் கொடுத்தது அந்த ஒரு வார்த்தை, அது பொய் இல்லை. ஆனால் நீங்கள் 'எப்ப?' என்று கேட்டிருக்கலாம் அப்பா. கேட்டிருந்தால் மீதியையும் சொல்லி முடித்திருப்பேன். அம்மா கேட்டது என்னிடம்தான். தட்டை வைக்கப் போனபோது, உங்களிடம் சொல்லச் சொல்லி அனுப்பினாள். லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உங்களிடம் ஓடிவந்து சொன்னேன். பாக்கலாம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனீர்கள். உங்களுக்கு அது மறந்தே போயிருந்தது. எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"சாரல் அடிக்குது, பாப்பா. உள்ள ஒரு ஓரமா படுத்துக்கட்டுமான்னு ஒங்கப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு."